லண்டன் டு காத்மாண்டு: மலைநாட்டைக் கடந்த பஸ்கள்

இன்னைக்கு எபிசோடுல ஒரு சாலையைப் பற்றிப் பேசப் போறோம். இஸ்தான்புல்லில் தொடங்கி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா வழியாக நேபாளத்தின் காத்மாண்டு வரை போன பாதை. ‘ஹிப்பி டிரெயில்’ என்று இதற்குப் பேர். ஆனா இதில் போன எல்லாரும் ஹிப்பி கிடையாது. மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர் திரும்பும் ஆஸ்திரேலியர்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள் இருந்தாங்க. முன்பின் தெரியாத இருபது முப்பது பேர் ஒரே வண்டியில் வாரக்கணக்கா மலைநாட்டைக் கடந்து போனாங்க. அது எப்படி சாத்தியமாச்சு? ஏன் நின்னு போச்சு?

ஆரம்பம் 1957. அந்த வருஷம் ஏப்ரல் 15 அன்று ‘இந்தியாமேன்’ என்ற பஸ் லண்டனிலிருந்து 20 பயணிகளோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நடத்தியவர் கேரோ-ஃபிஷர். போக 85 பவுண்டு, திரும்பி வர 65 பவுண்டு. ஜூன் 5 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. அடுத்த இருபது வருஷத்தில் இதே மாதிரி நிறைய வண்டிகள் ஓட ஆரம்பிச்சது. 1970-களில் சில கம்பெனிகள் பழைய லாரிகளையே பயணத்துக்கு மாற்றிக்கொண்டன. லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் மாடியில் படுக்கை, கீழே சமையல் என்று ஏற்பாடு செய்ததும் உண்டு.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் பேரைக்கூடக் கேட்காமல் இறங்கிடலாம். இங்கே அது நடக்காது. இன்னைக்கு யார் சமைக்கிறது, யார் சந்தைக்குப் போறது, யார் கூடாரம் போடுறது என்று முறை வைத்துத்தான் வண்டி ஓடியது. சேற்றில் சிக்கினா எல்லாரும் இறங்கித் தள்ளணும். இஸ்தான்புல்லில் ‘புட்டிங் ஷாப்’ என்று பேர் வாங்கிய ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே தொங்கிய அறிவிப்புப் பலகைதான் அந்தக் காலத்து வாட்ஸ்அப் குரூப். துணைக்கு ஆள் தேவை, வண்டியில் ஒரு இடம் காலி என்று சீட்டு எழுதிக் குத்திவிட்டுப் போவாங்க.

சரி, ஆப்கானிஸ்தானுக்கு வருவோம். இந்தக் கதையின் மையம் அதுதான். இவ்வளவு கரடுமுரடான நாட்டில் பஸ் ஓடும் அளவுக்கு நல்ல சாலை எங்கிருந்து வந்தது? பனிப்போர் கொடுத்தது. காபூல்–காந்தகார் சாலைக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது. காந்தகாரிலிருந்து ஹெராத் வழியா தன் எல்லை வரைக்கும் சோவியத் யூனியன் கான்கிரீட் போட்டுக் கொடுத்தது. இந்துகுஷ் மலையைக் குடைந்து சாலாங் சுரங்கப்பாதையை 1964-இல் திறந்ததும் சோவியத் உதவியால்தான். ரெண்டு வல்லரசும் போட்டி போட்டுக் கட்டிய சாலையில் பயணிகள் பாமியான் பக்கம் போய் வந்தாங்க. அங்கே மலைமுகத்தில் செதுக்கிய 55 மீட்டர், 38 மீட்டர் உயர புத்தர் சிலைகள் இருந்தன. சிலையின் தலை வரை ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க முடிந்தது.

காபூலைத் தாண்டி கைபர் கணவாய், பெஷாவர், லாகூர், டெல்லி. கடைசி ஏற்றம் நேபாளத்தில். 1950-களில் இந்தியா கட்டிக் கொடுத்த திரிபுவன் ராஜபாதை சுமார் 2,500 மீட்டர் உயரம் வரை வளைந்து வளைந்து ஏறி காத்மாண்டுவில் இறங்கும். அந்தச் சாலை வருவதற்கு முன்னால் கார்களைக்கூடச் சுமைகூலிகள் தோளில் தூக்கித்தான் அந்தப் பள்ளத்தாக்குக்குள் கொண்டு வந்தாங்க!

காத்மாண்டுவில் பஸ் நின்றது, நடை தொடங்கியது. இங்கே ரெண்டு விதமான மலையேற்றம் உருவாச்சு. 1964-இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ‘மவுண்டன் டிராவல்’ கம்பெனியை ஆரம்பித்தார். மறு வருஷம் அவர் கூட்டிப்போன முதல் குழு மூன்று அமெரிக்கப் பெண்கள். ஷெர்பாக்கள், சுமைகூலிகள், கூடாரம் எல்லாம் உண்டு. பஸ்ஸில் வந்தவங்க கையில் அவ்வளவு காசு இல்லை. அவங்க காளி கண்டகி பள்ளத்தாக்கில் தக்காலிப் பெண்கள் நடத்திய ‘பட்டி’களில் தங்கினாங்க. உப்பு வியாபாரிகளுக்காக இருந்த சத்திரங்கள் அவை. பருப்புஞ்சோறு சாப்பிட்டா, படுக்க இடம் சும்மா. அடுப்பைச் சுற்றி வியாபாரியும் வெள்ளைக்காரரும் ஒண்ணா உட்கார்ந்தாங்க. ஆனா மறுநாள் ஒருத்தர் சம்பாதிக்க நடந்தார், இன்னொருத்தர் சந்தோஷத்துக்கு நடந்தார். அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது.

1979-இல் எல்லாம் முடிந்தது. முதலில் ஈரானில் புரட்சி. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. எந்த வழியா? சாலாங் சுரங்கம் வழியா, ஹெராத்–காந்தகார் சாலை வழியா. பயணிகள் பஸ் ஓடிய அதே கான்கிரீட் மேல் டாங்கிகள் ஓடின. பாமியான் சிலைகளை 2001 மார்ச்சில் தாலிபான் வெடி வைத்துத் தகர்த்தது.

நேபாளத்தில் மட்டும் நடை நிற்கவில்லை. பட்டிகள் லாட்ஜ்களாக வளர்ந்தன. அந்த இருபது வருஷக் கூட்டுப் பயணத்தை இளைஞர்களின் துணிச்சலாக மட்டும் பார்ப்பது போதாது. எல்லைகள் திறந்திருந்தன, யாரோ போட்ட சாலை இருந்தது, வழியெங்கும் கதவைத் திறந்தவர்கள் இருந்தார்கள். பயணிகள் வீடு திரும்பினாங்க. போர் வந்தபோது அந்தச் சாலையோரத்திலேயே வாழ வேண்டியிருந்தது, டீ கொடுத்து வரவேற்ற அந்த மக்கள்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.