வாசிகசாலையும் கரம் பலகையும்

வன்னி என்ற பெயரைக் கேட்டவுடன் குளங்களும் காடுகளும் நெல்வயல்களும் நினைவில் எழும். பண்டாரவன்னியனின் வீரமும், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும் நினைவுக்கு வரும். விளையாட்டைப் பற்றிக் கேட்டாலோ, மாட்டுவண்டிச் சவாரி என்று உடனே விடை கிடைக்கும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இவற்றின் அருகே நிற்கக் கூசுகின்ற ஓர் எளிய பொருள். நான்கு மூலையிலும் குழி அமைந்த ஒரு சதுரப் பலகை. அதன்மேல் 19 காய்கள். கரம் என்று நாமும், கேரம் என்று தமிழகத்தாரும் வழங்கும் ஆட்டம் அது. சரித்திரம் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். இருக்கிறது.

இந்தக் கரத்துக்கு மேல்நாட்டில் ஒரு தூரத்து உறவு உண்டு. ஆணி அடித்த சாய்பலகையில் பந்தை உருட்டி விளையாடும் 'பாகட்டல்' என்ற ஆட்டம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிலே தோன்றியது. 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மொண்டேகு ரெட்கிரேவ் என்பவர் அதற்கு வில்விசை ஒன்றைப் பொருத்தி உரிமம் பெற்றார். காசு போட்டு ஆடும் பின்பால் எந்திரம் அந்த வழியிலே வந்ததுதான். 1942இல் நியூயோர்க் நகரபிதா லாகார்டியா அதனைச் சூதாட்டம் என்று தடைசெய்து, எந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார். தடை நீங்க 1976ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் அயலவர்கள் வாரந்தோறும் கூடிப் புள்ளி எண்ணிப் போட்டியிடுகிறார்கள். ஆனால் அந்த எந்திரத்துக்கு மின்சாரமும் வேண்டும், கையில் சில்லறையும் வேண்டும். வன்னிக்கு இவை இரண்டும் ஒருசேர வாய்த்த காலம் குறைவு. அங்கே சங்கம் அமைத்துப் போட்டி நடத்துவதற்கு உரிய மேசை ஆட்டமாகக் கரமே அமைந்தது.

கரம் எங்கே பிறந்தது என்பதில் வாதம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் என்ற அளவிலே நாம் அமையலாம். முதல் உலகப் போருக்குப் பின்னர் அது பரவலாயிற்று. முறையான போட்டிகள் இலங்கையில் 1935ஆம் ஆண்டளவில் தொடங்கின என்பர். 1958க்குள் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளிலும் கரம் சங்கங்களின் சம்மேளனங்கள் அமைந்துவிட்டன.

1935 என்ற அந்த ஆண்டு வன்னிக்கும் முக்கியமானது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது அவ்வாண்டில்தான். நிலமற்ற குடியானவர்களுக்கு அரச காணி வழங்கிக் குடியேற்றுவதற்கு அச்சட்டம் வழி செய்தது. மறு ஆண்டிலே, 1936இல், யாழ்ப்பாணத்தின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கத்தோடு கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி மக்கள் வந்தார்கள். கரமும் குடியேற்றமும் ஒன்றையொன்று தேடி வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை, ஒன்றாகவே வளர்ந்தன.

குடியேற்றக் கிராமத்தின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பழைய ஊரிலே உறவு இருந்தது, கோயில் இருந்தது, ஒருவன் இன்னாருடைய மகன் என்று சொன்னால் போதும். புதிய இடத்திலோ அடுத்த காணிக்காரர் எந்த ஊர் என்பதே தெரியாது. பகலில் காடு வெட்டுவதும் வரம்பு கட்டுவதும் வேலை. மாலையானதும் இளைஞர் எங்கே போவது? வாசிகசாலை ஒன்று எழும். பின்பு அது சனசமூக நிலையம் என்று பெயர் பெறும். ஒரு மேசை, இரண்டு வாங்கு, முதல்நாட் பத்திரிகை, ஒரு கரம் பலகை. பத்திரிகையைவிடப் பலகையைச் சுற்றியே கூட்டம் மிகுதி என்று பெரியவர்கள் குறைகூறியதுண்டு. அந்தக் குறையில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் பத்திரிகையைத் தனியே இருந்து படிக்கலாம். கரம் ஆட இன்னொருவர் வேண்டும். இரட்டையர் ஆட்டமானால் நால்வர் வேண்டும். அதிலும் கூட்டாளி நம் பக்கத்தில் அமர்வதில்லை, எதிரே அமர்கிறான். இரு பக்கத்திலும் இருப்பவர்கள் எதிரணியினர். அவனோடு பேசிக் குறிப்புக் காட்டுவது முறையன்று. முன்பின் அறியாத ஒருவனுடைய கையின் போக்கைப் பார்த்தே அவன் எண்ணத்தை அறிய வேண்டும்.

ஆட்டத்தின் விதிகளும் நுட்பமானவை. கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, நடுவே சிவப்பு ராணி ஒன்று. ராணியைக் குழியில் வீழ்த்தினால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காய் ஒன்றையும் வீழ்த்தி அதனை உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் ராணி மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். 25 புள்ளி, அல்லது எட்டுப் பலகை. எது முந்துகிறதோ அதனோடு ஆட்டம் முடியும். அடிக்கும் காயின் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. சிறுவனுடைய விரலும் பெரியவருடைய விரலும் அங்கே ஏறத்தாழச் சமம். வயலிலே அப்படி அன்று.

1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து குடியேறினர். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெரும் இடப்பெயர்வு நிகழ்ந்தது. வந்தவர்களுள் பெருந்தொகையினரை வன்னி ஏற்றது. அக்காலத்திலே மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரிக்குத் தடை, மின்சாரம் என்ற பேச்சே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சிட்டுச் சிறிதளவு எண்ணெய் ஊற்றி எரித்த விளக்கின் வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்தார்கள். அந்த விளக்கைக் கரத்துக்காகச் செலவழிக்க எந்தத் தாய் இசைவாள்? பொழுது சாயுமுன் ஆடி முடிக்க வேண்டும். அதற்கும் ஒரு பலகை எஞ்சியிருந்தால்தான். 2009 வரை மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடியபோது எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கிலே கரம் பலகைக்கு இடமில்லை. போர் முடிந்தபின் பல இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பண்ணை முகாம்களில் இருந்தனர். அவை 2012 செப்டெம்பரில் மூடப்பட்டன. திரும்பிய ஊர்களில் வாசிகசாலைகள் பல கூரையின்றி நின்றன.

அதே 2012ஆம் ஆண்டிலே கொழும்பில் உலகக் கரம் போட்டி நடைபெற்றது. ஆடவர் ஒற்றையர் பட்டத்தை இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். முதல் உலகப் பட்டத்தை 1991இல் வென்றவர் சென்னையின் மரிய இருதயம் என்பதையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் பெற்ற காசிமா சென்னையில் ஓர் ஓட்டோச் சாரதியின் மகள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வன்னிக்கு இன்னும் அத்தகைய பட்டம் வரவில்லை. ஆயினும் பிரதேச விளையாட்டு விழாக்களிலும், இளைஞர் சேவைகள் மன்றத்தின் போட்டிகளிலும், பாடசாலைகளின் வலயப் போட்டிகளிலும் கரத்துக்கு ஓர் இடம் உண்டு. பிரதேசத்தில் வென்றவர் மாவட்டத்துக்கும், அங்கே வென்றவர் மாகாணத்துக்கும் செல்வர். மைதான விளையாட்டுகளுக்குக் கூடும் கூட்டம் இதற்குக் கூடுவதில்லை. மண்டபத்தின் ஒரு பக்கத்தில் நாலைந்து பலகை போட்டு, மாவு தூவி, மின்விளக்கைத் தாழ இறக்கி வைப்பார்கள். நடுவர் கை உயர்த்துவார். முதல் அடி விழும். 19 காய்களும் நாலு பக்கமும் சிதறும்.