பழைய கட்டடத்தில் வேலையா? உடைக்கும் முன் கல்நார் பற்றிக் கேளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் கட்டுமான ஊழியர்கள் பலருக்கு ஆஸ்பெஸ்டாஸ் புதிதன்று. ஊரில் மாட்டுக்கொட்டகைக்கும் பெட்டிக்கடைக்கும் கூரையாகப் போடும் நெளிவான சீட்டுதான் அது. சிறுவயது முதல் அதன் கீழ் வளர்ந்தவருக்கு, இங்கே பழைய கூரை ஒன்றைப் பிரிக்கும்போது பயம் தோன்றாமல் போகலாம். ஆனால், சிங்கப்பூரில் அந்தச் சீட்டைத் தொடுவதற்கே சட்ட விதிமுறைகள் உள்ளன.

ஏன் ஆபத்து?

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், நெருப்பைத் தாங்கும் இயற்கைக் கனிமம். சேதமில்லாமல் அப்படியே இருக்கும் வரை அதனால் பெரிய அபாயம் இல்லை. அறுத்தாலோ, உடைத்தாலோ, துளையிட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் சென்று தங்கிவிடும்.

அன்றைக்கே இருமல் வராது. நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா ஆகியவை வெளிப்படப் பல ஆண்டுகள், சிலருக்கு 40 ஆண்டுகள்கூட ஆகலாம். வேலை முடிந்து ஊர் திரும்பி, பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகு நோய் தெரியவரலாம். புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் மேலும் பன்மடங்கு கூடும்.

எங்கே இருக்கும்?

சிங்கப்பூரில் கட்டடங்களில் கல்நார்ப் பயன்பாடு 1980களின் இறுதியில் கைவிடப்பட்டது. அதற்கு முன்பு கட்டப்பட்ட இடங்களில் நெளிவுக் கூரைகள், உட்கூரைப் பலகைகள், தடுப்புச் சுவர்கள், குப்பை போடும் குழாய்கள், கொதிகலன்களையும் குழாய்களையும் சுற்றியுள்ள வெப்பக்காப்பு ஆகியவற்றில் அது இருக்கலாம். வெறும் பார்வையில் கண்டறிய முடியாது. ஆய்வகச் சோதனைதான் உறுதிசெய்யும்.

சட்டம் சொல்வது என்ன?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் கல்நாருக்கெனத் தனி விதிமுறைகள் 2014 மே மாதம் நடப்புக்கு வந்தன. அவற்றின் முக்கிய அம்சங்கள்:

• 1991ஆம் ஆண்டுக்கு முன்பு கட்டப்பட்ட கட்டடங்களில் இடிப்பு, புதுப்பிப்பு போன்ற வேலைகளைத் தொடங்கும் முன், தகுதிபெற்றவரைக் கொண்டு கல்நார் ஆய்வு நடத்த வேண்டும்.

• கல்நாரை அகற்றும் பணியை அங்கீகரிக்கப்பட்ட குத்தகையாளரே செய்ய வேண்டும். அதுபற்றி மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

• பணியில் ஈடுபடுவோருக்குப் பயிற்சியும் உரிய சுவாசக் கவசமும் பாதுகாப்பு உடையும் வழங்க வேண்டும். சாதாரண துணி முகக்கவசம் போதாது.

• பொருளை ஈரப்படுத்தித் தூசு எழாமல் அகற்ற வேண்டும். மற்றவர்கள் நுழையாதபடி அந்த இடத்தைப் பிரித்து வைக்க வேண்டும்.

• கழிவைப் பையில் கட்டி முத்திரையிட்டு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலையில், ஊழியர் சுவாசிக்கும் காற்றில் ஒரு மில்லிலிட்டருக்குச் சராசரியாக 0.1 இழை என்பதே அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு.

ஊழியர் என்ன செய்யலாம்?

சந்தேகம் எழுந்தால் வேலையை நிறுத்தி, மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். தூசு படிந்த உடையுடன் தங்குவிடுதிக்குத் திரும்ப வேண்டாம். அறையில் உடன் இருப்பவர்களும் அதைச் சுவாசிக்க நேரிடும்.

கேட்டும் பதில் இல்லையென்றால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். நல்லெண்ணத்துடன் புகார் செய்த ஊழியரை அதற்காக வேலையிலிருந்து நீக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இந்த வேலையில் ஈடுபட்டவர்கள் எந்த இடத்தில், எந்த மாதங்களில் வேலை செய்தோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வதும் மருத்துவச் சோதனை அறிக்கைகளின் நகல்களைப் பத்திரப்படுத்துவதும் நல்லது. ஆண்டுகள் கழித்து மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

பழைய கட்டடத்தில் சுத்தியலைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, இங்கே கல்நார் ஆய்வு முடிஞ்சிடுச்சா?”