இலத்தீன் முன்னிலைப் பெயர்களும் தமிழாக்கமும்

இலத்தீன் மொழியில் முன்னிலைப் பெயர்கள் இரண்டு: ‘தூ’ ஒருமை, ‘வோஸ்’ பன்மை. செவ்வியல் காலத்தில் இவை எண்ணை மட்டுமே காட்டின; மரியாதையைக் காட்டவில்லை.

கி.மு. 63இல் செனட் சபையில் கத்திலினாவைக் கண்டித்துப் பேசிய சிசெரோ, அவனைத் ‘தூ’ என்றார். கி.மு. 46இல் மார்செல்லுசை மன்னித்ததற்காகச் சீசரைப் புகழ்ந்தபோதும் அதே ‘தூ’தான். ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதங்களில் ‘தோமினே’ (தலைவரே) என்று அழைத்தார். ஆயினும் ‘தூ’ என்றே எழுதினார். மரியாதை விளிச்சொல்லில் இருந்தது. முன்னிலைப் பெயரில் இல்லை.

பேரரசின் பிற்காலத்தில் உயர்ந்தோர் ஒருவரையே ‘வோஸ்’ எனப் பன்மையில் அழைக்கும் வழக்கம் பரவியது. பிரெஞ்சு மொழியின் மரியாதைச் சொல்லான ‘வூ’ அதன் வழிவந்தது.

தமிழாக்கத்தில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. கத்திலினாவுக்கு ‘நீ’, சீசருக்குத் ‘தாங்கள்’ என்று எழுதினால், மூலத்தின் முன்னிலைப் பெயரில் இல்லாத ஏற்றத்தாழ்வு புகுந்துவிடும். எங்கும் ‘நீ’ என்றால், இன்றைய மாணவருக்குப் பிளினி பணிவற்றவராகத் தோன்றுவார்.

புறநானூற்றுப் புலவர்கள் வேந்தரை ‘நீ’ என்றே பாடினர். ஆகவே செய்யுளிலும் மேடைப்பேச்சிலும் ‘நீ’ நமக்கு அந்நியமன்று. கடிதங்களில் ‘தாங்கள்’ பொருந்தும். ஆனால் மூலத்தில் இருப்பது ஒருமையே என்பதை முன்னுரையில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று: தமிழைப் போலவே இலத்தீனிலும் வினைமுற்றே இடத்தைக் காட்டிவிடும். அதனால் ‘தூ’ வெளிப்படையாக வரும்போது பெரும்பாலும் அழுத்தம் இருக்கும். அங்கே ‘நீயே’, ‘நீதான்’ என்பது பொருத்தமாகும்.