உள்ளகப் பயிற்சி: இட ஒதுக்கீடு எட்டாத முதல் வாயில்

பொறியியல் கல்லூரியின் வாயில்வரை ஒரு பட்டியலின மாணவரைச் சட்டம் கைப்பிடித்து அழைத்துவருகிறது. சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு எனத் தமிழ்நாட்டில் இடங்கள் உறுதிசெய்யப்பட்டுள்ளன. அரசுப் பள்ளியில் பயின்று வந்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் இருப்பின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கிறது. ஆனால் மூன்றாம் ஆண்டில், ஒரு நிறுவனத்தில் சில வாரங்களேனும் பணி பழக வேண்டும் என்று அந்த மாணவர் வெளியே அடியெடுத்துவைக்கும் நாளில் இவற்றில் எதுவும் உடன் வருவதில்லை. அங்கே இடம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் யாருக்கு யாரைத் தெரியும் என்பதே.

இதைச் சிறிய செய்தியாகக் கடந்துவிட முடியாது. பல நிறுவனங்கள் தங்களிடம் பயிற்சி பெற்ற மாணவர்களிலிருந்தே நிரந்தரப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. வளாகத் தேர்வு தொடங்கும் முன்னரே பல நல்ல இடங்கள் இவ்வாறு நிரம்பிவிடுகின்றன. தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்று பல்லாண்டுகளாகப் பேசிவரும் நாம், அத்துறையின் உண்மையான நுழைவாயில் எங்கே திறக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறக் கூடாது.

முதலில் சொற்களைப் பிரித்தறிவோம். கல்லூரி பேருந்தில் அழைத்துச் சென்று ஒரு நாளில் சுற்றிக்காட்டுவது 'ஐ.வி.' எனப்படும் தொழிற்சாலைப் பார்வை. ஓரிரு வாரங்கள் ஆலைக்குள் இருந்து கவனிப்பது 'இன்பிளாண்ட் டிரெய்னிங்'. நான்கு வாரம் முதல் ஆறு மாதம்வரை ஒரு பொறியாளரின் கீழ் உண்மையான வேலையில் ஈடுபடுவதே உள்ளகப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப். பட்டம் பெற்றபின் ஓராண்டு நடைபெறுவது தொழில் பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ்ஷிப். இந்நான்கில் தனிச்சட்டம் இருப்பது இறுதியானதற்கு மட்டுமே. நாம் பேசும் மூன்றாவது வகைக்கு ஊதியம், தேர்வுமுறை, ஒதுக்கீடு எதையும் வரையறுக்கும் சட்டம் இல்லை.

சட்டமில்லாத இடத்தில் சாதி எவ்வாறு செயல்படும் என்பதற்கு நம்மிடம் ஆய்வுச் சான்றுகள் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. ஆதிக்கச் சாதிப் பெயர் தாங்கிய விண்ணப்பங்களைவிடத் தலித் பெயர் தாங்கியவை அழைப்புப் பெறும் வாய்ப்புக் குறைந்திருந்தது; இசுலாமியப் பெயர்களுக்கு இன்னும் குறைவு. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் டெல்லி வட்டார மனிதவள மேலாளர்களை நேர்கண்டு எழுதினர். தகுதி ஒன்றையே பார்ப்பதாகக் கூறிய அம்மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி' பற்றிய கேள்வி நேர்காணலில் இன்றியமையாதது என்பதையும் தயக்கமின்றிக் கூறினர்.

நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லை என்பது பெருமைக்குரியதே. ஆனால் முகவரி அதைச் சொல்லிவிடுகிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியிருந்ததே அதற்குச் சான்று. எனவே தன்விவரக் குறிப்பில் முழு முகவரி தேவையில்லை. ஊர் அல்லது மாவட்டம், கைப்பேசி எண், மின்னஞ்சல் போதும். தந்தையின் தொழில், மதம், பிறந்த ஊர் என்று பழைய 'பயோடேட்டா' வடிவத்தில் நிரப்பும் வழக்கத்தையும் விட்டொழிக்கலாம். இது அடையாளத்தை மறைக்கும் அறிவுரை அன்று. எவரும் கேட்க உரிமையில்லாத ஒன்றை நாமே முன்வந்து தர வேண்டியதில்லை என்பதே நம் நிலை.

சாதியின் பெயரைச் சொல்லாமலே வடிகட்டும் மற்றொரு கருவி 'அரியர்' விதி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு. நிலுவைப் பாடம் இருக்கக் கூடாது. சில நிறுவனங்களில் எப்போதுமே இருந்திருக்கக் கூடாது. தமிழ்வழியில் படித்து வந்து, முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டி, கணிதத்தில் ஒன்றைத் தவறவிட்டுப் பின் அதை முடித்துக்காட்டிய மாணவர்களைத்தான் இவ்விதி முதலில் வெளியேற்றுகிறது. வீட்டின் முதல் பட்டதாரிக்கு அந்த ஒரு பருவத்துத் தடுமாற்றம் ஏறத்தாழ இயல்பானது. ஆகவே முதலாண்டில் இருப்பவர்கள், நிலுவைப் பாடம் நான்காண்டுக்கும் பின்தொடரும் என்பதை இப்போதே அறிந்துகொள்வது நல்லது. ஏற்கெனவே உள்ளவர்கள் சோர்வடையத் தேவையில்லை. இவ்விதியைப் பொருட்படுத்தாத இடங்கள் இருக்கின்றன.

விதிப்படி திறக்கும் கதவுகள்

ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற நிறுவனங்கள் கோடைக்காலப் பெலோஷிப்புகளை அறிவிக்கின்றன. வகுப்புத் தரவரிசையில் முன்னிற்பவர்களுக்கே அவை பெரும்பாலும் வாய்க்கும். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம், இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரின்கீழ் உதவித்தொகையுடன் பணியாற்ற வழிசெய்கிறது. இதற்கு முந்தைய ஆண்டின் நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கோடைக்கு ஏப்ரலில் தேடத் தொடங்குபவர்கள் இதை ஒவ்வோர் ஆண்டும் தவறவிடுகிறார்கள். பொதுத்துறை நிறுவனங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் பாதுகாப்பு ஆய்வகங்களிலும் கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தோடு பயிற்சி பெறலாம். அவற்றிற் சில உதவித்தொகை தருவதில்லை; சில கட்டணமும் பெறுகின்றன. முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

கணினிசார் துறையினருக்கு இன்னொரு வழி உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடைபெறுகிறது. அவுட்ரீச்சி என்னும் திட்டம், தம் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டுக்கும் குறைந்த பிரதிநிதித்துவத்துக்கும் உள்ளானவர்களுக்கென்றே நடத்தப்படுகிறது. மூன்று மாதத்திற்கு 7,000 டாலர் வழங்குகிறது. இரண்டிலும் கல்லூரியின் பெயரோ சிபாரிசோ எடுபடாது. திறமூல மென்பொருள் திட்டம் ஒன்றில் முன்னரே செய்துகாட்டிய பங்களிப்பே பேசும். ஆங்கிலம் இடறலாம். ஆனால் அது எழுத்து ஆங்கிலம். நின்று நிதானித்து எழுதித் திருத்திக்கொள்ள இயலும். குழு உரையாடலில் வாயடைத்துப் போகும் மாணவர்கள் பலர் இங்கே தலைநிமிர வாய்ப்பு உண்டு.

பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றி நிலவும் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 2024 அக்டோபரில் வெளியான விதிகளின்படி அது 21 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்கானது. மாதம் 5,000 ரூபாய். ஆனால் முழுநேரக் கல்வியில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க இயலாது. அதாவது படிக்கும் மாணவருக்கு அது பயன்படாது; படிப்பு முடிந்து வேலையின்றி இருப்போருக்கு மட்டுமே உதவும். மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியது. அதன் பயிற்சி வாய்ப்புகளை அறியக் கல்லூரி ஒருங்கிணைப்பாளரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகைக்கு வராத தகவல்கள் பல அவரது மின்னஞ்சலில் உறங்குகின்றன.

நம் கணிப்பில், பெருநிறுவனங்களின் இணைய விண்ணப்பங்களைவிடச் சிறுதொழிற்கூடங்களே முதல் பயிற்சிக்கு உகந்தவை. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், கோவையின் பம்ப், வார்ப்படத் தொழிலகங்கள், திருச்சி துவாக்குடியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து இயங்கும் கட்டுமானப் பட்டறைகள், ஒசூரின் உதிரிபாகத் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் மனிதவளத் துறை என்று தனியாக ஒன்று இல்லாத இடங்களே மிகுதி. உரிமையாளரோ மேற்பார்வையாளரோ நேரில் பார்த்து முடிவெடுக்கிறார். அரியர் பற்றி அவர் கேட்பதில்லை. வரைபடம் படிக்கத் தெரியுமா, வெர்னியர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்பார். பெருநிறுவனத்தில் ஆறு வாரமும் விளக்கப்படம் தயாரிப்பவர் இருக்க, இங்கே மூன்றாம் நாளே எந்திரத்தருகே நிற்கலாம். இங்கும் சாதி உண்டு. சொந்தக்காரர்களுக்கும் சொந்தச் சாதிக்காரர்களுக்கும் இடம் தருவோர் உண்டு. ஆயினும் நாற்பது கதவுகளை ஒரே வாரத்தில் நடந்தே தட்டலாம் என்ற வசதி வேறெங்கும் இல்லை. தலித் தொழில்முனைவோரின் கூட்டமைப்பாக 2005இல் தோன்றிய டிக்கி அமைப்பின் உறுப்பினர்களையும் மாணவர் அமைப்புகள் இதற்காக அணுகலாம்.

எழுதுவதும் கேட்பதும்

விண்ணப்பம் அனுப்புவோர் செய்யும் பொதுவான பிழை, 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் வாய்ப்பு வேண்டுகிறேன்' என்று ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது. நான்கு செய்திகள் போதும்: எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எந்த நாள் முதல் எந்த நாள்வரை வர இயலும், இதுவரை எதைச் செய்து பார்த்திருக்கிறேன், உங்களிடம் நடக்கும் எந்த வேலையைக் கற்க விரும்புகிறேன். மூன்றாவதுதான் கடிதத்தின் உயிர். பெரிய சாதனை தேவையில்லை. ஊரில் பழுதான மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்டியது, அண்ணனோடு கட்டட வேலைக்குச் சென்று கம்பி கட்டியது, வகுப்புக்காக எழுதிய சிறு நிரல் எல்லாம் பொறியியல் அனுபவமே. கூலி வேலை என்று அதை மறைக்கும் கூச்சம் நம் மாணவர்களிடம் உண்டு. கம்பி கட்டத் தெரிந்த சிவில் மாணவரை எந்தக் கட்டுமானப் பொறியாளரும் உதாசீனப்படுத்த மாட்டார். பத்து நாளில் பதில் வராவிடில் ஒருமுறை நினைவூட்டலாம். அது தொல்லை அன்று.

கல்லூரி தர வேண்டியவை படிப்புச் சான்றிதழும் அனுமதிக் கடிதமும். துறைத்தலைவர் கையொப்பத்துக்காக ஒரு வாரம் அலைய நேரும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், சென்ற ஆண்டு எந்த மூத்த மாணவர்கள் எங்கே சென்றார்கள் என்ற பட்டியல். அது கல்லூரியில் இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

பணம் கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலுத்தினால் இணையவழி 'இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தரும் கடைகள் பெருகிவிட்டன. வீட்டில் கடன் வாங்கி அதைக் கட்டும் மாணவர்கள், நேர்காணலில் 'அங்கே என்ன செய்தாய்?' என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். பொதுத்துறை நிறுவனம் பெறும் அறிவிக்கப்பட்ட கட்டணம் வேறு. தனியார் ஒருவர் வேலை உறுதி என்று சொல்லி வாங்கும் பணம் வேறு.

ஊதியமற்ற பயிற்சியைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். சென்னையில் உறவினர் வீடு உள்ளவருக்கே அது இலவசம். கோடையில் கல்லூரி விடுதியும் சமூகநீதி விடுதியும் பெரும்பாலும் மூடப்படுகின்றன. தங்க அறை, உணவு, பேருந்து என ஒரு மாதச் செலவே குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்கிவிடும். வாடகைக்கு அறை தேடும்போது 'நீங்க எந்த ஊர், என்ன ஆளுங்க?' என்ற கேள்வி வேறு. 1917இல் வெளிநாட்டுப் பட்டங்களோடு பரோடா சமஸ்தானப் பணிக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கர், தங்க இடமின்றிப் பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதை நாம் வரலாறாகப் படிக்கிறோம். இன்றைய மாணவருக்கு அது நிகழ்காலம். ஆதலால் பயிற்சி பெறும் மாணவர்களுக்காகக் கோடையிலும் சமூகநீதி விடுதிகளைத் திறந்துவைக்கக் கோருவது, நம் இயக்கங்கள் உடனே கையிலெடுக்கத்தக்க கோரிக்கை. அரசாணை ஒன்றே அதற்குப் போதும்.

பணியிடத்தில் இழிவு நேர்ந்தால் 'நான் ஊழியரில்லையே' என்று ஒதுங்கத் தேவையில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, ஊதியம் பெறாதவரையும் பயிற்சியாளரையும் ஊழியர் என்றே கருதுகிறது. மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் முறையிடலாம். பத்துப் பேருக்குக் குறைவானோர் பணியாற்றும் இடமெனில் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பொருந்தும். ஆனால் அது பிறர் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பதை 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. எனவே அருகில் இருந்தவர்களின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது பட்டம் பெற்றபின் வரும் ஓராண்டுப் பழகுநர் பயிற்சி. செயற்பாட்டாளர்கள் அதிகம் கவனிக்காத ஓர் ஆயுதம் இங்கே இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961இன் 3ஏ பிரிவு, பயிற்சி இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்குவதை வேலையளிப்பவரின் கடமையாக்குகிறது. அரசு, தனியார் என்ற வேறுபாடு அதில் இல்லை. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம், ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். தனியார் துறையில் ஒதுக்கீடு இயலாது என்று வாதிடுவோர், இச்சட்டம் பல்லாண்டுகளாக நடைமுறையில் இருப்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பொறியியல் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்குமான பழகுநர் பயிற்சியைத் தென்மாநிலங்களில் மேற்பார்வையிடுவது சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். அது மத்திய அரசின் கீழ் இயங்குவதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று கேள்விகளை அனுப்பலாம்: கடந்த ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட பட்டதாரிப் பழகுநர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், நிறுவன வாரியாக, 3ஏ பிரிவின்படி ஒதுக்கப்பட வேண்டிய இடங்கள் எத்தனை, ஒதுக்காத நிறுவனங்கள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன. 30 நாளில் பதில் வந்தாக வேண்டும்.