திடீர் சிறுநீரகச் செயலிழப்பு ஆய்வில் விலங்கு மாதிரிகள்

சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சரிந்துவிடுவதைத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலோ, ஏழு நாள்களுக்குள் ஒன்றரை மடங்கானாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்கும் குறைவாக இறங்கினாலோ இந்நோய் என முடிவு செய்யலாம் என்கிறது 2012இல் வெளியான, சிறுநீரக நோய்களுக்கான கேடிகோ அமைப்பின் வழிகாட்டுதல். கிரியாட்டினின் ஏறும்போது சேதம் நேர்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். எப்போது தொடங்கியது என்பது பெரும்பாலும் தெரியாது. உயிர் ஊசலாடும் நோயாளியின் சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் திசு எடுப்பதும் அரிது. ஆகவே சேதத்தை விலங்கில் வேண்டுமென்றே உண்டாக்கி, முதல் நிமிடத்திலிருந்தே கவனிக்கும் முறைகள் உருவாயின. தொடக்க நேரம் துல்லியமாகத் தெரிவதுதான் இவற்றின் பலம். மருந்து தேடும் ஆய்வில் காலை வாரிவிட்டதும் அதுதான்.

நசுங்கிய தசையிலிருந்து

லண்டன் மீதான குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கு அடியில் கை கால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்ட நால்வரைப் பற்றி பைவாட்டர்ஸும் பீலும் 1941இல் எழுதினார்கள். மீட்கப்பட்டபோது தேறிவிடுவார்கள் போலத் தோன்றியவர்களுக்குப் பிறகு சிறுநீர் குறைந்தது, சிறுநீரகம் கைவிட்டது. சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் மீது சந்தேகம் விழுந்தது. பைவாட்டர்ஸ் அதை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். சிறுநீர் அமிலத்தன்மையுடன் இருந்த முயல்களில்தான் சிறுநீரகம் செயலிழந்தது. இன்று இதே நிலையை உண்டாக்க, தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்த எலியின் பின்னங்கால் தசையில் 50 விழுக்காட்டுக் கிளிசரால் கரைசலை ஊசியால் ஏற்றுகிறார்கள்.

இரத்த ஓட்டத்தை அடைத்துத் திறத்தல்

ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்குவது இம்முறை. மயக்கமளித்த சுண்டெலியின் சிறுநீரகத்துக்குப் போகும் நாளக் கட்டைச் சிறு கவ்வியால் இறுக்குவார்கள். சிவப்பாக இருந்த சிறுநீரகம் சற்று நேரத்தில் கருஞ்சிவப்பாகிவிடும். ஏறக்குறைய 25 நிமிடம் கழித்துக் கவ்வியை எடுத்ததும் பழைய நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நாளம் கெட்டுவிட்டது என்று பொருள், அந்த விலங்கைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சொல்வதற்கு எளிது. உடல்வெப்பம் 37 டிகிரியிலிருந்து ஓரிரு டிகிரி இறங்கினாலே சேதம் வெகுவாகக் குறைந்துவிடும், அடைப்பு நேரம் சில நிமிடம் கூடினால் விலங்கு செத்துப்போகும். சூடேற்றும் மேடையும் மலக்குடல் வெப்பமானியும் இல்லாமல் செய்த பழைய சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததில் வியப்பில்லை. எலியின் மரபுவழியும் பாலினமும்கூட முடிவை மாற்றும்: ஆண் சுண்டெலிகள் பெண்களைவிட அதிகம் பாதிக்கப்படுகின்றன.

அடி விழுவது எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. புறணிக்கும் அகணிக்கும் இடைப்பட்ட பகுதியில், அண்மைக் குழலின் நேரான கடைசித் துண்டிலுள்ள உயிரணுக்கள்தான் முதலில் மடிகின்றன. இயல்பாகவே ஆக்சிசன் குறைவான அவ்விடத்தில் அவற்றுக்கு எரிசக்தித் தேவை மிக அதிகம். ஒரு சிறுநீரகத்தை மட்டும் நீண்ட நேரம் அடைத்து, மற்றதை அப்படியே விட்டுவைத்தால், அடைபட்டது சில வாரங்களில் தழும்பேறிச் சுருங்கும். திடீர் நோய் நாள்பட்ட நோயாக மாறுவதை இப்படித்தான் ஆராய்கிறார்கள்.

அளவிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிக்ரிக் அமிலத்தைக் கொண்டு நிறம் பார்க்கும் யாஃபே முறை, சுண்டெலி இரத்தத்திலுள்ள வேறு பொருள்களையும் கிரியாட்டினின் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் நொதி முறையோ நிறை நிறமாலை முறையோ நாட வேண்டியிருக்கிறது.

மருந்தும் நஞ்சும்

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை ஒரே வேளையில் பெருமளவு ஏற்றினால் மூன்று நாளில் எலியின் குழல்கள் சிதைகின்றன. நோயாளிக்கோ அதைக் குறைந்த அளவில் பல சுற்றுகளாகத் தருகிறார்கள். அவர் உடலில் புற்றுக்கட்டியும் இருக்கும். அண்மைக்காலத்தில் வாரம் ஒருமுறை சிற்றளவாகத் தரும் முறை பரவுவது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரையாகத் தரும் ஃபோலிக் அமிலமும், கிலோவுக்கு 250 மில்லிகிராம் ஏற்றினால், சுண்டெலியின் குழல்களில் படிகமாகி அடைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விவசாயிகளைத் தாக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சு இன்னொரு வகை. இரத்தம் உறைதல் குலைவது, இரத்த அழுத்தம் வீழ்வது, நஞ்சே நேராகத் தாக்குவது ஆகியவற்றில் சிறுநீரகத்தைக் கெடுப்பது எது என்று நோயாளியிடம் பிரித்தறிய முடியாது. எலியின் சிறுநீரகத்தை உடலிலிருந்து பிரித்து, இரத்தத்துக்குப் பதில் செயற்கைத் திரவம் ஓடவிட்டு அதில் நஞ்சைக் கலந்து பார்த்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. உறைதலுக்கோ அழுத்த வீழ்ச்சிக்கோ அங்கே இடமே இல்லை. இருந்தும் சிறுநீரகம் செயலிழந்தது. நஞ்சின் நேரடித் தாக்குதல் உறுதியாயிற்று. அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான பீட்டர் ராட்கிளிஃப், உயிரணுக்கள் ஆக்சிசன் குறைவை உணரும் வழியைக் கண்டறிந்ததற்காக 2019இல் நோபல் பரிசு பெற்றார்.

செப்சிஸ்

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணம் செப்சிஸ், அதாவது தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே கெடுப்பது. எலியின் பெருங்குடல் வாயைக் கட்டி ஊசியால் துளைத்து, மலம் வயிற்றுக்குள் கசியவிடுவது இதற்கான வழக்கமான முறை. ஆனால் கருத்தையே மாற்றியது ஆடு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் செம்மறியாடுகளுக்கு உயிருள்ள ஈ. கோலை பாக்டீரியாவை ஏற்றியபோது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையவில்லை, கூடியது. வடிகட்டும் திறனோ வீழ்ந்தது. இரத்தம் போதாததால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தது செப்சிஸில் எப்போதும் பொருந்தாது என்பது இதனால் தெரிந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

நோயைக் கண்டறிவதில் விலங்குகள் நிறையவே கைகொடுத்தன. கிம்-1 புரதம் 1998இல் இரத்த ஓட்டம் தடைபட்ட எலிச் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்டது. என்கால் புரதம் 2003இல் சுண்டெலியில் தெரியவந்து, இரண்டே ஆண்டில் இதய அறுவைசிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளின் சிறுநீரிலும் உறுதியானது. அவர்களுக்குக் கிரியாட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆயிற்று. என்கால் இரண்டு மணி நேரத்தில் உயர்ந்துவிட்டது.

சிகிச்சையில் நிலைமை வேறு. எலியின் சிறுநீரகத்தைத் தேற்றிய அனாரிடைடு என்ற மருந்து, 504 நோயாளிகளிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் தரவில்லை. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியும் எலியில் வென்று மனிதரிடம் தோற்றது. எலிக்கு மருந்து கிடைத்தது அடி விழுந்த சில மணி நேரத்துக்குள். மனிதருக்குக் கிடைப்பது நோய் முற்றித் தெரிந்த பிறகு. இளமையும் நலமும் உள்ள எலிக்கு ஒரே ஓர் அடி விழுகிறது. வார்டில் கிடப்பவருக்கோ அறுபது வயதைத் தாண்டியிருக்கும், சர்க்கரை நோய் இருக்கும், கூடவே தொற்றும் நாலைந்து மருந்துகளும். வயதான எலிகளையும் நீரிழிவுள்ள எலிகளையும் பயன்படுத்துவதும், செப்சிஸ் எலிக்கு நோயாளிக்குப்போலவே நுண்ணுயிர்க்கொல்லியும் திரவமும் தருவதும், கிரியாட்டினின் ஏறிய பின்பே சோதனை மருந்தைத் தொடங்குவதும் இதிலிருந்து வந்த திருத்தங்கள்.

மாற்று வழிகள்

விலங்குச் சோதனைக்கு ரஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மாற்றீடு, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று நெறிகள் இத்துறைக்கும் பொருந்தும். வரிக்குதிரை மீனின் இளம்புழுவில் இரண்டே நெஃப்ரான்கள்தான். ஒளி ஊடுருவும் உடலென்பதால் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தரும் சேதத்தை உயிரோடிருக்கும்போதே நுண்ணோக்கியில் காணலாம். மனிதக் குருத்தணுக்களிலிருந்து வளர்க்கும் குட்டிச் சிறுநீரகங்கள் மருந்து நச்சுத்தன்மையைச் சோதிக்க உதவுகின்றன. அவற்றுள் இரத்தம் ஓடுவதில்லை. எனவே இரத்தத் தடையையும் செப்சிஸையும் ஆராய இன்னமும் விலங்கையே நாட வேண்டியிருக்கிறது.