தேறியவரும் இளைத்தவரும்: எடை குறைப்பு அறுவை சிகிச்சையின் தொடக்கம் பற்றி ஒரு மறுப்பு

எடை குறைப்பு அறுவை சிகிச்சையின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் ஹென்றி புக்வால்டும் ஜேன் புக்வால்டும் 2002-இல் வெளியிட்ட கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. 1950 முதல் 2000 வரையிலான அறுவை முறைகளை அவர்கள் படிப்படியாக அடுக்கினார்கள். பின்னால் வந்த பலரும் அந்த அடுக்கையே பெயர்த்து எழுதினார்கள். அதன் முதல் படி ஆட்டம் காண்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். யார் முதல், எவர் இரண்டாவது என்ற சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் அந்தப் படியை நகர்த்திவைத்தால், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராஜபாளையத்துக்காரருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் இருப்பது தெரியவருகிறது.

புக்வால்ட் கூறுவது இது: மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வார்கோ 1953-இல் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கிவைத்து மேல்முனையைக் கீழ்முனையோடு இணைத்தார், உடல் எடையைக் குறைப்பதற்கென்றே செய்யப்பட்ட முதல் அறுவை அநேகமாக அதுவே. வார்கோ அதைப் பற்றி எதையும் அச்சிடவில்லை. நோயாளியின் பதிவேடும் தொலைந்துவிட்டது. அடுத்த ஆண்டு, அதே ஊரின் ஆர்னால்ட் கிரெமனும் வேறு இருவரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

பதிவேடு இல்லை, அச்சு இல்லை. அப்படியானால் 1953 என்பதற்கு ஆதாரம் என்ன? நினைவுதான். சொல்பவரான ஹென்றி புக்வால்ட் அதே துறையில் வார்கோவோடு சேர்ந்து குடல் அறுவையில் ஆய்வு செய்தவர். இதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. குருவைப் பற்றிச் சீடர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் புதிய கேள்வி அல்ல. குருபரம்பரை தரும் கணக்கை வைத்து அவ்வூர்ப் பெரியாழ்வாரின் காலத்தை முடிவுகட்ட எந்த வரலாற்றாசிரியரும் ஒப்பமாட்டார். ஆழ்வாருக்கு ஒரு நியாயம், அமெரிக்க மருத்துவருக்கு ஒரு நியாயமா?

அச்சில் கிடைக்கும் சான்று வேறொன்றைச் சொல்கிறது. 1952-இல் ‘நோர்டிஸ்க் மெடிசின்’ இதழின் 47-ஆம் தொகுதியில், 744-ஆம் பக்கத்தில், விக்டர் ஹென்றிக்சன் ஒரு குறிப்பு எழுதினார். சுவீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவரான அவர் பருமனைக் குறைக்கச் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கியவர். தலைப்பு: ‘கான் துன்டார்ம்ஸ்ரெசெக்ஷோன் ஃபோர்ஸ்வாராஸ் சொம் தெரபி மூத் ஃபெட்சூத்?’ தமிழில் சொன்னால், ‘ஃபெட்சூத்துக்குச் சிகிச்சையாகச் சிறுகுடலை வெட்டியெடுப்பதை நியாயப்படுத்த முடியுமா?’

இந்தத் தலைப்பில் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். முதலாவது ‘ஃபோர்ஸ்வாராஸ்’ என்ற வினை. தற்காத்து வாதிடுவது என்பது அதன் பொருள். நல்ல நிலையில் இருக்கும் குடலை எதற்காக வெட்டினாய் என்று கேட்டால் பதில் சொல்ல முடியுமா என்று அவரே தன்னைக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். இரண்டாவது ‘ஃபெட்சூத்’. ‘சூத்’ என்பது நோயைக் குறிக்கும் பழைய சுவீடியச் சொல். மஞ்சள் காமாலை அவர்களுக்கு ‘குல்சூத்’, காசநோய் ‘லுங்சூத்’. ஆகவே ‘ஃபெட்சூத்’ என்பதைக் கொழுப்பு நோய் என்றே மொழிபெயர்க்க வேண்டும். இன்றைய சுவீடியத்தில் வழங்கும் ‘ஃபெட்மா’வில் அந்த நோய் இல்லை. உடல் பருமனை நோயாகப் பார்த்த சொல் கையில் இருந்தும், ஹென்றிக்சன் தலைப்பைக் கேள்விக்குறியோடுதான் முடித்தார்.

புக்வால்ட் இவரை அறியாதவர் அல்லர். 1954-இல் கிரெமன் குழுவின் கட்டுரை வாசிக்கப்பட்டபோது, லுண்ட் நகரத்து பிலிப் சாண்ட்ப்ளூம் எழுந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஹென்றிக்சன் இதைப் போன்ற ஒன்றைச் செய்துவிட்டார் என்று குறிப்பிட்டார். புக்வால்டும் அதை எடுத்துச் சொல்கிறார், ஆனால் கிரெமனுக்கான பின்குறிப்பாக. உண்மையில் கிரெமனின் கட்டுரை, ஒரு மனித அறுவையையும் குறிப்பிட்டாலும், முதன்மையாக நாய்களின் குடலைப் பற்றியது. சிறுகுடலின் மேற்பாதியை இழந்தால் பெரிய பாதகமில்லை, கீழ்ப்பாதியை இழந்தால் கொழுப்பு உட்கவரப்படாமல் எடை விழும் என்பது அதன் முடிவு. தலைப்பே ஊட்டத்தைத்தான் பேசுகிறது. முதலில் அச்சில் வந்த மனித அறுவை பின்னுக்கும், முதன்மையாக நாயில் நடந்த சோதனை முன்னுக்கும் போன காரணத்தை வாசகர் ஊகிக்கலாம்.

என் பெரிய மறுப்பு இதற்கு அடுத்தது. உட்கவர்தலைத் தடுப்பவை, இரைப்பையைச் சுருக்குபவை, இரண்டையும் சேர்த்துச் செய்பவை என்று அறுவைகளை அவை வேலை செய்யும் விதத்தால் புக்வால்ட் வகைப்படுத்துகிறார். கற்பிப்பதற்கு இது வசதி. ஆனால் இப்படி வகுத்தவுடன், யாருக்காகப் பழகிய கை யார்மேல் வந்தது என்ற கேள்வி மறைந்துபோகிறது. அயோவாவில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் 1966-67-இல் கொண்டுவந்த இரைப்பை பைபாஸ் எங்கிருந்து வந்தது? வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பெண்களுக்கு அதன்பின் எடை ஏறவில்லை என்பதை மேசன் கவனித்தார். அந்தக் கவனிப்பே பைபாஸின் வித்து. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் தையலோ இன்னும் பழையது: 1881-இல் வியன்னாவில் ஆன்டன் வோல்ஃப்ளர் போட்டது.

அந்தத் தையல் தமிழ்நாட்டுக்குப் புதிதா? எவரெஸ்ட் ஏறப்போன தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், அன்று திருவிதாங்கூரிலும் 1956-க்குப் பின் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கிற நெய்யூரில் வந்து தங்கி, அங்கே குவிந்த குடற்புண் நோயாளிகளுக்கு அதைப் போட்டுக்கொண்டே இருந்தார். 1936-இல் ஓர் (Orr) என்பவரோடு சேர்ந்து அந்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் அறுவை இதழில் எழுதினார். மைசூரில் பணிசெய்த ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் தென்னாட்டில் குடற்புண் மிகுதி என்று காட்டினார். இந்தத் தையலை மருத்துவர்கள் ‘ஜி.ஜே.’ (கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி) என்பார்கள், ஊரில் ‘அல்சர் ஆபரேஷன்’. கிரெமன் எழுதிய அதே 1954-இல்தான் மதுரை மருத்துவக் கல்லூரி திறந்தது. நம் வட்டாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவரை ஏற்றிக்கொண்டு போன இடம் மதுரைப் பெரியாஸ்பத்திரி.

அல்சர் ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறாததை அமெரிக்காவில் மேசன் வாய்ப்பாகப் படித்தார். இங்கே அதை அப்படிப் படித்திருக்க முடியாது. சான்று நம் பேச்சிலேயே இருக்கிறது. ராஜபாளையத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் ‘இப்ப தேறிட்டாரு’ என்பார்கள். நோய் நீங்கியது, உடம்பில் சதை பிடித்தது என்ற இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். ‘உடம்பு வச்சிருக்கு’ என்பது மகிழ்ச்சி. ‘ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?’ என்பது விசாரிப்பு. சுவீடியன் கொழுப்புக்குள் நோயை வைத்தான். நாம் மெலிவுக்குள் வைத்தோம். தறியிலும் வயலிலும் உழைத்து, அரைவயிற்றோடு அறுவை மேசைக்கு வந்தவர் மேலும் இளைத்தால் அது ஆபரேஷனின் குறை. கை இருந்தது, நூல் இருந்தது. கட்டுத்துணிக்கும் பஞ்சமில்லை, பேண்டேஜ் நெசவுக்கே பேர்போன சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான். பருத்த நோயாளிதான் இல்லை.

இதே மாற்றத்தை ‘டம்பிங்’ என்ற சொல்லிலும் பார்க்கலாம். 1922-இல் மிக்ஸ் என்பவர் வழக்குக்குக் கொண்டுவந்த அச்சொல், இரைப்பையில் இணைப்புப் போட்டுக்கொண்டவருக்கு வரும் அவதியைக் குறித்தது. பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் நூறு கிராம் பால்கோவா வாங்கி வாயில் போட்டால், சர்க்கரை இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் இறங்கும். அரை மணிக்குள் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். அல்சர் நோயாளிக்கு இது தண்டனை. இன்றைய பருமன் நோயாளிக்கோ, இனிப்பைத் தொடவிடாத காவல் என்று இதையே சில மருத்துவர்கள் வரவேற்கிறார்கள். உடலுக்குள் நடப்பது ஒன்றுதான். புக்வால்டின் வகைப்பாட்டில் இந்த வேறுபாட்டை வைக்க இடமில்லை.

என் வாதத்தில் பலவீனமான இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் குடலோடு இணைப்பே கிடையாது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். 1990-களில் லேப்ராஸ்கோப்பியைப் பழகிய தலைமுறையின் வேலை அது. சிமெடிடின் முதலிய மாத்திரைகளும், ஹெலிகோபாக்டர் கிருமியின் கண்டுபிடிப்பும் அல்சர் ஆபரேஷனை ஏறக்குறைய ஒழித்த பிறகே, 2002-இல் இந்திய உடல் பருமன் அறுவைச் சங்கம் உருவானது. இந்த இடைவெளியில் கை மாறியதா, அறுந்ததா? மாறியது என்றே கருதுகிறேன். வாழ்நாள் முழுக்க பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து பார்க்க வேண்டும் என்று இன்று பைபாஸ் நோயாளிக்குச் சொல்லும் அறிவு, இரைப்பையை இழந்த அல்சர் நோயாளியின் சோகையில் கற்றது. அது ஸ்டேப்ளரோடு வந்திறங்கியது அல்ல.

நோயாளியும் இப்போது மாறிவிட்டார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்குப் பி.எம்.ஐ. 25-ஐ எட்டியோ தாண்டியோ இருக்கிறது. அறுவைக்கான வரம்பு 1991-இல் 40, இணைநோய் இருந்தால் 35. 2022-இல் அமெரிக்க, உலக அறுவைச் சங்கங்கள் அதை 35 ஆக இறக்கி, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே அறுவையை முன்வைக்க வேண்டும் என்றன. வரம்பு இறங்க இறங்க ஹென்றிக்சனின் கேள்விக்குறி பெரிதாகிறது. அறுவையே வேண்டாம் என்பவன் அல்லன் நான். கடும் பருமனோடு சர்க்கரை நோயும் கொண்டவருக்கு அது தரும் பலன் நிறுவப்பட்ட ஒன்று.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் 1980-க்கு முன் அல்சர் ஆபரேஷன் செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது இருந்திருந்தால், பெட்டியடியில் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு கிடக்கிறதா என்று பாருங்கள். அதில் எடை எழுதியிருந்தால், சேர்த்தபோதும் அனுப்பியபோதும் இருந்த இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.