ஒண்டுக் குடித்தனம்

மணலி என்றதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நினைவுக்கு வருவது இயல்பே. 1965-ல் ஸ்தாபிக்கப்பட்டு 1969-ல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸும், அதன் அண்டையில் எழுந்த மெட்ராஸ் ஃபெர்ட்டிலைஸர்ஸும் உருவாக்கிய அந்தத் தொழில் வட்டாரத்துக்கு அப்பால், கொசஸ்தலையாற்றின் சமீபத்தில், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வகுத்த துணை நகரம் மணலி புதுநகர். கணினியின் சரித்திரத்தில் அவ்வூருக்கென்று விசேஷ ஸ்தானம் எதுவுமில்லை. ஆயினும், ஒரே இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்களை அருகருகே வைக்கும் ஏற்பாடு, அதை விரும்பிக் கேட்டவர் எவரும் இல்லாமலே வீடுகளுக்குள் பிரவேசித்த ஊர்களில் அதுவும் ஒன்று என்பதால், இந்த வரலாற்றை அங்கிருந்து பார்ப்பது பொருத்தமாகும்.

2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்த தினத்தன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். புதுநகரும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதலான அந்தக் கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் படித்த வீட்டில் ஆளுக்கொன்று வந்துசேர்ந்து, அதற்கு முன் கணினியின் விசைப்பலகையைத் தொட்டறியாத தாய் தந்தையர் அதைத் துணி போர்த்திப் பீரோவின் மேல் வைத்துப் பாதுகாத்த காலம் அது.

இந்த இரட்டை ஏற்பாட்டின் மூலம் மிகவும் பழையது. 1983-ல் ஐ.பி.எம். நிறுவனம் வன்வட்டுடன் கூடிய தன் எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டபோது, உடன் வந்த டாஸ் 2.0, வட்டை நான்கு பிரிவுகள் வரை வகுக்க இடங்கொடுத்தது. ஒவ்வொரு பிரிவிலும் வெவ்வேறு இயங்குதளம் வசிக்கலாம் என்பதே அதன் கருத்து. வட்டின் ஆரம்பத்தில் உள்ள 512 பைட்டில் 446 தொடக்க நிரலுக்கும், 64 பிரிவினை அட்டவணைக்கும், எஞ்சிய 2 முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள ஒண்டுக் குடித்தனங்களில் அறை வேறு, அடுப்பு வேறு என்றாலும் வாசற்கதவு ஒன்றே அல்லவா? அந்த 446 பைட்டுதான் வாசற்கதவு; சண்டையெல்லாம் அதன் சாவியைப் பற்றியதே. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபின், இரண்டு குடித்தனக்காரர்களையும் பெயர் சொல்லி அழைத்து உள்ளே விடும் காவலாளாக முதலில் லைலோவும் பின்னர் கிரப்பும் வந்தன. ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவினால், அது எவரையும் கேளாமல் தன் நிரலை அங்கே எழுதிவிடும். அறைக்குள் லினக்ஸ் பத்திரமாக இருந்தும் அதை அணுக வழியில்லாமற் போகும்.

பாஸ் என்பது ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடம் தந்து அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம். அவ்வேலை பெரும்பாலும் நடந்தது சென்னையிலேதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் கட்டற்ற மென்பொருள் முயற்சியில் அதனோடு கைகோத்திருந்தது. அதற்கு முன்பே, சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த நாட்களில், அந்நிறுவனத்தின் மேசைக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாற்றப்பட்டிருந்தன. ஆகவே 2011-ல் வந்தது திடீர் யோசனையன்று. ஒரே நிறுவனத்தின் உரிமத்துக்கு அரசு நிரந்தரமாகக் கட்டுப்பட வேண்டாம் என்ற எண்ணம் சென்னையில் சில ஆண்டுகளாகவே ஊன்றியிருந்தது.

எண்ணம் நல்லதுதான், நிறைவேற்றம் அரைகுறை என்பது என் அபிப்பிராயம். வட்டில் இடம் கொடுத்தவர்கள் வகுப்பறையில் இடம் கொடுக்கவில்லை. கணினியைத் திறந்ததும் தோன்றும் தேர்வுப் பட்டியல் சில விநாடிகளே காத்திருக்கும். அதற்குள் விரல் அசையாவிட்டால் முன்பே குறிக்கப்பட்டது தானாக எழும். பழக்கமும் அப்படித்தான் எழுந்தது. இணையத் தொடர்புக்கு வாங்கிய டாங்கிள் லினக்ஸில் எளிதில் இணங்காது. நண்பனிடம் பென் டிரைவில் வாங்கி வந்த விளையாட்டு ஓடாது. இரண்டாம் குடித்தனம் இடத்தை அடைக்கிறது என்ற முறையீட்டோடு பையன் கடைக்குப் போவான், கடைக்காரர் “ஃபார்மேட் பண்ணி ஓ.எஸ். போட்டுத் தரேன் தம்பி” என்று வாங்கிவைத்து, மாலையில் விண்டோஸ் மட்டும் உள்ள கணினியைத் திருப்பித் தருவார். பாஸ் அழிக்கப்பட்டதை அறியாதவர்களும் உண்டு. அது இருந்ததையே அறியாதவர்கள் அதிகம்.

வைத்துக்கொண்டவர்களுக்கும் சில சில்லறைத் தொல்லைகள் காத்திருந்தன. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் வழக்கமாக உலகப் பொதுநேரமாகவும் கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது சில வேளை நேரம் சரியாக ஐந்தரை மணி தவறும். பேட்டரி கெட்டதென்று அதை மாற்றியவர்களும் உண்டு! இத்தகைய சங்கதிகளைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அடையாறு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவினரும், 2012-ல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழும் அப்பணியை ஊதியம் கருதாது செய்தார்கள். ஆனால் அடையாறுக்கும் புதுநகருக்கும் இடையே பட்டணம் முழுவதும் கிடக்கிறது; சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போகத் துணிந்த மாணவன் அபூர்வம்.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்தியபோது, அரசு அலுவலகங்களை பாஸுக்கு மாறும்படி மாநில அரசு அறிவுறுத்தியது. பள்ளிக்கூடத்துக்கு அந்த அக்கறை வந்து சேர இன்னும் நான்காண்டு பிடித்தது. 2018-ல் வெளியான பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், இயங்குதளத்தைக் கையாளும் அத்தியாயத்தை இரண்டாக வகுத்து, முதற்பகுதியில் விண்டோஸையும் இரண்டாம் பகுதியில் லினக்ஸையும் வைத்தது. அரசு தந்த கணினியில் இருந்ததோ பாஸ். அரசு அச்சிட்ட பாடம் கற்பித்ததோ உபுண்டு என்ற வேறொரு லினக்ஸ்.